கம்பெனி ஸ்டீரியோவோடு சப்வூஃபர்: ஆக்சிலேட்டர் மிதித்தால் ‘ஙொய்ங்’, பேட்டரியும் இறங்குகிறது, உதவி தேவை

மஞ்சக்குப்பம் ஹேட்ச்பேக்:
வணக்கம் நண்பர்களே. 2018 மாடல் கார், கம்பெனி டச் ஸ்கிரீன். ஸ்டீரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் அதோடு இணைந்திருப்பதால் ஸ்டீரியோவை மாற்ற மனசில்லை. கடலூரில் ஒரு கடையில் 4 சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வைத்து, இரண்டு சேனலை முன் கதவு ஸ்பீக்கருக்கும் மீதி இரண்டைப் பிரிட்ஜ் பண்ணி (ஒன்றாகச் சேர்த்து) டிக்கியில் 10 இன்ச் சப்வூஃபருக்கும் (சப்) கொடுத்தார்கள். சிக்னல், பின் ஸ்பீக்கர் வயரிலிருந்து லைன் அவுட் கன்வர்ட்டர் (ஸ்பீக்கர் சிக்னலை ஆம்புக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும் பெட்டி) வழியாக வருகிறது. இன்ஜின் ஆஃபில் பாட்டு அருமை. ஸ்டார்ட் பண்ணினால் ஙொய்ங் என்று ஒரு சத்தம், மிதிக்க மிதிக்க அதுவும் ஏறுகிறது, ரெட்டிச்சாவடி தாண்டி வேகம் எடுத்தால் பாட்டை விட அதுதான் கேட்கிறது. சனி ஞாயிறு வண்டியை எடுக்காவிட்டால் திங்கள் காலை செல்ஃப் அடிப்பதில்லை. வால்யூம் பாதியைத் தாண்டினால் பேஸும் காணாமல் போகிறது. கெபாசிட்டர், நாய்ஸ் ஃபில்டர் இரண்டும் வாங்கிப் போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

அரியாங்குப்பம் டீசல்:
கெபாசிட்டர் போடுங்க ப்ரோ, எனக்குச் சரியாச்சு.

லாஸ்பேட்டை வயரிங்:
வாங்காதீர்கள், பொறுங்கள். கெபாசிட்டரால் இந்தச் சத்தம் போகாது. ஒரு விஷயம் சொல்லுங்கள்: ஙொய்ங் கதவு ஸ்பீக்கரில் வருகிறதா, சப்பிலா? சப்புக்கு 80 ஹெர்ட்ஸ் லோ பாஸ் (அதற்குக் கீழான தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் ஃபில்டர்) வைத்திருந்தால் அதில் இந்தக் கீச்சுச் சத்தம் வரவே வழியில்லை. இன்ஜின் வேகத்தோடு ஏறுவதால் ஆல்டர்னேட்டர் சத்தம்தான், பெரும்பாலும் எர்த் (நெகட்டிவை வண்டி பாடியோடு சேர்க்கும் இணைப்பு) கோளாறு. சாவியை எடுத்துவிட்டு, கொஞ்சம் கழித்து டிக்கியைத் திறந்து ஆம்பின் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள்.

மஞ்சக்குப்பம் ஹேட்ச்பேக்:
கதவில்தான் அண்ணே, சப்பில் இல்லை. சாவி இல்லாமலே லைட் எரிகிறது! எர்த் வயரை பின் சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டியிருக்கிறார்கள்.

லாஸ்பேட்டை வயரிங்:
பேட்டரி கதை முடிந்தது. ரிமோட் வயரை (ஆம்பை ஆன், ஆஃப் செய்யும் வயர்) எப்போதும் 12 வோல்ட் இருக்கும் இடத்தில் இணைத்திருக்கிறார்கள், ஆம்ப் தூங்குவதே இல்லை. சும்மா கிடக்கும்போது ஒரு ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 24 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரி கொள்ளளவின் அளவு) போய்விடும், உங்கள் பேட்டரி 35 ஏஎச்சாக இருந்தால் கணக்கை நீங்களே போடுங்கள். ரிமோட்டை, சாவி திருப்பினால் மட்டும் கரன்ட் வரும் ஃபியூஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். மெயின் வயரில் பேட்டரி பக்கத்திலேயே, ஒன்றரை அடிக்குள், ஃபியூஸ் இருக்கிறதா? இல்லையென்றால் முதல் வேலை அதுதான், தேய்ந்த வயர் பாடியில் பட்டால் வண்டியே எரியும்.

சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது. அது உயிர் காக்கிற போல்ட், டார்க் (முறுக்கு விசை) கணக்கோடு முறுக்கியது, அதன் அடியில் பெயின்ட்டும் இருக்கும். எர்த்தை ஆம்பிலிருந்து இரண்டடிக்குள், டிக்கியில் கனமான தகட்டில் வையுங்கள். பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு பளபளக்கும் வெறும் தகடு தெரியும்வரை தேய்த்து, லக் (வயர் நுனியில் மாட்டும் வளையம்), பல் வாஷர், போல்ட், நட் போட்டு இறுக்குங்கள். ஓட்டை போடும் முன் அடியில் பெட்ரோல் டேங்க், பைப் இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டும். கன்வர்ட்டரின் எர்த்தும் அதே இடத்துக்கு வரட்டும், இரண்டும் வேறு வேறு இடத்தில் இருந்தால்தான் இந்தச் சத்தமே.

வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். நீளமான வயர் ஒன்றை பேட்டரி நெகட்டிவிலிருந்து டிக்கிக்கு இழுத்து, இன்ஜின் ஓட, பாட்டு சத்தமாக ஓட, அதற்கும் ஆம்பின் எர்த் டெர்மினலுக்கும் இடையே மல்டிமீட்டரில் டிசி வோல்ட் பாருங்கள். 0.1க்குக் கீழே இருந்தால் நல்லது.

மஞ்சக்குப்பம் ஹேட்ச்பேக்:
முன்பு 0.7, இப்போது 0.05! வேறு எலக்ட்ரீஷியனிடம் மாற்றினேன். சத்தம் சுத்தமாக இல்லை, லைட்டும் அணைகிறது. ஃபியூஸ் இருக்கிறது. சீட் பெல்ட் போல்ட்டை சர்வீஸ் சென்டரில் முறுக்கிக் கொடுத்தார்கள். பேஸ் மட்டும் இன்னும் அப்படியே.

அரியாங்குப்பம் டீசல்:
ஆம்ப்ல இருக்கிற கெயினை (உள்ளே வர்ற சிக்னலை எவ்வளவு பெருக்கணும்னு வைக்கிற திருகு) முழுசா ஏத்துங்க ப்ரோ.

லாஸ்பேட்டை வயரிங்:
ஏற்றாதீர்கள், சப் கருகும். நிறைய கம்பெனி ஸ்டீரியோக்கள், கதவிலிருக்கும் சின்ன ஸ்பீக்கர் கிழியக் கூடாது என்று வால்யூம் ஏற ஏற பேஸைத் தானே குறைத்துவிடும். குறைந்த சிக்னல்தான் உங்கள் ஆம்புக்கு வருகிறது. செலவில்லாத வழி: ஸ்டீரியோவை பேஸ் குறைய ஆரம்பிக்கும் இடத்துக்குக் கீழே நிறுத்தி, ஈக்வலைசரைச் சமமாக வைத்து, அங்கே போதுமான சத்தம் வரும்வரை ஆம்ப் கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், குரல் கரகரத்தால் ஒரு படி இறக்குங்கள். அதற்குமேல் ஆசை என்றால் இழந்த பேஸைத் திருப்பிக் கொடுக்கும் டிஎஸ்பி (சிக்னலைச் சரிசெய்யும் டிஜிட்டல் பெட்டி) வாங்க வேண்டும், நானாக இருந்தால் இப்போதைக்கு வாங்க மாட்டேன். ஸ்பீக்கர் வயரின் நெகட்டிவை பாடியில் சேர்க்க மட்டும் விடாதீர்கள், ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் சுமார் 6 வோல்ட் இருக்கும், ஸ்டீரியோ போய்விடும். எர்த் போல்ட் மேல் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், நம் கடல் காற்றுக்கு தேய்த்த தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும்.