தூரமா, காலி வண்டியா? நூனவுட் விலைவாசி பற்றி ஒரு சந்தேகம்

கோத்தகிரி மாணவன்:
எம்.ஏ. செமினாருக்குக் கனடாவை எடுத்திருக்கிறேன். அதன் வடக்கே உள்ள நூனவுட் பிரதேசம், பரப்பில் தமிழ்நாட்டைப்போல் 15 மடங்குக்கு மேல். 2021 கணக்கெடுப்பில் மக்கள் 36,858 பேர்தான். 25 ஊர்கள், ஊருக்கு ஊர் சாலையே கிடையாது. சாமான் விலை தெற்கைவிட மிக அதிகம். "தூரம்தான் காரணம்" என்று எழுதினேன். சார் ஓரத்தில் "போதாது" என்று கிறுக்கிவிட்டார். வேறென்ன எழுதுவது?

மண்டி லாரி:
தம்பி, 22 வருடம் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றியவன் நான். கனடா தெரியாது, வாடகை பேசத் தெரியும். நாங்கள் முதலில் கேட்பது கிலோமீட்டர் இல்லை, "ரிட்டன் லோடு இருக்கா?" இறங்கும்போது கேரட், முட்டைக்கோஸ், ஏறும்போது அரிசி, சிமெண்ட். டீசல் செலவு இரண்டு பக்கமும் பிரிந்துவிடும். ஒருமுறை மலைமேல் கட்டபெட்டுக்குச் செங்கல் கொண்டுபோனேன், திரும்ப லோடு இல்லை. காலி வண்டி வளைவுக்கு வளைவு குதிக்கும். பின்கதவுச் சங்கிலி அடிவாரம் வரை சலங்கை மாதிரி சத்தம். அந்த இறக்கத்துக்கும் சேர்த்துத்தான் செங்கல்காரரிடம் வாடகை கேட்டேன். மனுஷன் சண்டைக்கே வந்துவிட்டார்.

குன்னூர் வாத்தியார்:
லாரிக்காரர் சொன்னதுதான் பாயிண்ட். நூனவுட்டுக்குக் கப்பல் கோடையில்தான் போகும், மற்ற மாதங்களில் விமானம். போகும்போது நிறைய சரக்கு, வரும்போது பெரும்பாலும் காலி. நூனவுட்டின் பாஃபின் தீவிலிருந்து இரும்புத் தாது வெளியே போகிறதே என்பீர்கள். அது தனிக் கப்பல். பால் டேங்கரில் சிமெண்ட் ஏற்ற முடியுமா? இன்னொன்று, கப்பலில் வரும் ஒரு வருடச் சாமானைக் கோடையிலேயே வாங்கிக் குடோனில் அடைக்க வேண்டும். அந்தப் பணத்துக்கு வட்டி யார் தருவது? அதுவும் விலையில்தான் ஏறும்.

ஒரே வழியை நம்பியிருப்பதற்கு உதாரணமாக, நூனவுட்டுக்குத் தெற்கே மனிடோபா மாகாணத்தில் உள்ள சர்ச்சில் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே போகச் சாலை இல்லை, தரைவழியில் 1929இல் போட்ட ரயில் பாதை ஒன்றுதான். 2017 மே வெள்ளத்தில் அது அரித்துப் போனது. மறுபடி ரயில் வர 2018 கடைசி ஆயிற்று.

மண்டி லாரி:
குன்னூர் ரோட்டில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் நமக்குக் கோத்தகிரி ரோடு இருக்கிறது. அவர்களுக்கு அதுவும் இல்லையா? பாவம்.

கோத்தகிரி மாணவன்:
நன்றி சார், நன்றி அண்ணா. செங்கல்காரர் கடைசியில் வாடகை கொடுத்தாரா?

மண்டி லாரி:
முக்கால்வாசி கொடுத்தார். மீதிக்கு அடுத்த நடையில் தோட்டத்துப் பேரிக்காய் இரண்டு மூட்டை. அன்றைக்குச் சங்கிலிச் சத்தம் கொஞ்சம் குறைச்சல்தான்.