அயின்: எழுத்து இருக்கிறது, ஒலி எங்கே?

கேள்வி:
எபிரேய எழுத்துகளைச் சில வாரங்களாகத் தனியே கற்று வருகிறேன். 16ஆம் எழுத்தான அயினுக்குத் தனி ஒலி உண்டு என்கிறது பாடநூல். ஆனால் இஸ்ரேலியச் செய்தி வாசிப்பைக் கேட்டால், முதல் எழுத்தான அலெஃபில் தொடங்கி 'ஒளி' என்று பொருள்படும் 'ஓர்', அயினில் தொடங்கித் 'தோல்' என்று பொருள்படும் 'ஓர்' ஆகிய இரண்டும் எனக்கு ஒன்றுபோலவே கேட்கின்றன. ஒலிக்காத எழுத்தை ஏன் வைத்திருக்கிறார்கள்? அதன் பெயருக்குக் 'கண்' என்று பொருள் என்கிறார்களே, அது ஏன்?

மறுமொழி 1:
உங்கள் காதில் பிழையில்லை, நண்பரே. இன்று இஸ்ரேலில் பெரும்பாலோர் பேச்சில் அவ்விரண்டும் ஒன்றாகிவிட்டன. யேமன் மரபு யூதர்களிடமும், அரபு நாடுகளிலிருந்து குடியேறிய மூத்தோர் பலரிடமும் பழைய ஒலி எஞ்சியிருக்கிறது. 'ஆ' என்று நீட்டிக்கொண்டே நாவின் அடியைத் தொண்டையின் பின்சுவரை நோக்கி இழுத்துப் பாருங்கள். குரல் நின்றுவிடாமல் நெரிபடும் இடம் ஒன்று அகப்படும், அதுதான் அயின். (முதல் நாள் இருமல்தான் வரும்.)

பழங்காலத்தில் இவ்வெழுத்து இன்னோர் ஒலியையும் சுமந்தது. எபிரேயத்தில் அயினில் தொடங்கும் 'அஸா', 'அமோரா' என்னும் ஊர்ப்பெயர்கள் நம் விவிலியத்தில் காசா, கொமோரா என்று ககரம் பெற்றிருப்பது, பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அந்த ஒலியைக் காமா எழுத்தால் குறித்ததன் விளைவு. இரண்டையும் குழப்புவதும் புதிதன்று: அலெஃபை அயினாகவும் அயினை அலெஃபாகவும் சொல்லும் ஊர்க்காரர்களை வழிபாட்டை முன்நின்று நடத்த விடலாகாது என்று யூதரின் பழைய சட்ட விளக்க நூலான தால்மூத் பெத் ஷான் ஊரின் பெயரைச் சொல்லியே விலக்குகிறது. எழுத்தை நீக்கினால் தோலும் ஒளியும் ஏட்டிலும் ஒன்றாகிவிடுமே!

மறுமொழி 2:
கண்ணைப் பற்றி நான் சொல்கிறேன். தொடக்கத்தில் கண்ணின் படமாக இருந்த எழுத்து பினீசியரிடம் வெறும் வட்டமாகி, கிரேக்கரிடம் ஓமிக்ரான் ஆயிற்று. இலத்தீன் 'ஓ'வும் அதன் வழிவந்ததே. ஒவ்வோர் எழுத்துக்கும் 8 வசனமாக அமைந்த 119ஆம் சங்கீதத்தில், அயின் பகுதியின் 123ஆம் வசனம் 'என் கண்கள்' என்னும் சொல்லிலேயே தொடங்குகிறது. எபிரேய எழுத்துகள் எண்களாகவும் பயன்படும்; அயினின் எண்மதிப்பு 70 என்பதைக் கொண்டு, திராட்சை மதுவைக் குறிக்கும் 'யயின்', இரகசியத்தைக் குறிக்கும் 'சோத்' இரண்டின் கூட்டுத்தொகையும் 70 என்று காட்டி, மது உள்ளே போனால் இரகசியம் வெளியே வரும் என்பார்கள். எனக்கு அதில் ஈடுபாடு குறைவு.

வசனங்கள் எழுத்து வரிசைப்படி தொடங்கும் விவிலியப் புலம்பல் நூலில்தான் உண்மையான புதிர் இருக்கிறது. முதல் அதிகாரத்தில் வழக்கமான வரிசைப்படி அயினுக்குப் பின் 'பே' வருகிறது. 2, 3, 4ஆம் அதிகாரங்களில் 'பே' முந்திக்கொள்கிறது. 'பே' என்றால் வாய். கானானை வேவு பார்க்கப் போனவர்கள் கண் காணாததை வாயால் சொன்னதற்கான தண்டனைக் குறிப்பு அது என்கிறது தால்மூத்.

மறுமொழி 3:
விளக்கம் அழகுதான், ஐயா. ஆயினும் 1976இல் இஸ்ரேலின் இஸ்பெத் சர்தா அகழிடத்தில் கிடைத்த, 3,000 ஆண்டுக்கு முற்பட்ட பானையோட்டில் கீறிய நெடுங்கணக்கிலும் 'பே' முன்னே, அயின் பின்னே. புலம்பலைப் பாடியவர் அந்தப் பழைய வரிசையையே பின்பற்றியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.