ஃபைனல் டிரைவ் சீல் மாத்தியும் கசியுது, ஆனா ஆயில் லெவல் குறையவே இல்ல

மண்வாரி எழுதியது:

வணக்கம் அண்ணன்மாரே. நான் ஓட்டறது 20 டன் செயின் எக்ஸ்கவேட்டர். இடது பக்க டிராவல் டிரைவில (செயினைச் சுத்த வைக்கிற கியர் பெட்டி, ஃபைனல் டிரைவ்னும் சொல்வோம்), ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னாடி ஃப்ரேமை ஒட்டின இடத்தில ஆயில் கசியுது. போன சர்வீஸ்லதான் ஒரு வொர்க்‌ஷாப்ல ஃப்ளோட்டிங் சீல் (ரெண்டு இரும்பு வளையமும் ரப்பரும் சேந்த ஆயில் அடைப்பு) புதுசா போட்டாங்க. கொஞ்ச நாள்லயே மறுபடி அதே இடத்தில ஈரம், மண்ணு ஒட்டிக் கட்டி கட்டியா நிக்குது.

எனக்குப் புரியாத விஷயம் இதுதான். இவ்வளவு கசியுதே, ஆயில் குறைஞ்சிருக்கும்னு லெவல் பிளக்கை (ஆயில் மட்டம் பாக்கற துளையோட மூடி) தளர்த்தினேன். புஸ்ஸுன்னு காத்து வந்துச்சு, பின்னாடியே ஆயில் கொட்டுச்சு. அதுவும் கியர் ஆயில் மாதிரி கொழகொழன்னு இல்ல, தண்ணியா ஓடுச்சு. டிரெயின் பிளக் காந்தத்தில சாம்பல் நிறப் பசை, அதுக்குள்ள மினுமினுன்னு சின்னச் சின்னச் செதில். நேரா போகும்போது இடது பக்க கவர்ல கை வைக்க முடியாத சூடு, வலது பக்கம் அப்படி இல்ல. திருப்பும்போது உள்ள கரகரன்னு சத்தம்.

சீலை மறுபடி மாத்திடலாம்னு வொர்க்‌ஷாப்ல சொல்றாங்க. மாத்தவா, இல்ல முழுசா பிரிச்சுப் பாக்கவா? எங்க கிட்ட பிரஸ், செயின் பிளாக், டார்க் ரெஞ்ச் எல்லாம் இருக்கு. கூட ஒரு ஃபிட்டரும் இருக்காரு.

கிரீஸ்கை எழுதியது:

பிரீதர் (பெட்டிக்குள்ள இருக்கிற காத்து வெளிய போற துளை) அடைச்சிருக்கும் தம்பி. உள்ள பிரஷர் ஏறினா எந்த சீலும் நிக்காது. பிரீதரைக் கழட்டிக் கழுவிப் போடுங்க.

பல்சக்கரம் எழுதியது:

கிரீஸ்கை அண்ணன் சொல்றது கன்வேயர், மிக்ஸர் மாதிரி நிலையா நிக்கிற பிளானெட்டரி டிரைவுக்கு (நடுவுல சன் கியர், அதைச் சுத்தி பிளானெட் கியர், வெளியில ரிங் கியர்னு அமைஞ்சது) ரொம்பச் சரி. அங்க சீல் கசிஞ்சா முதல்ல பிரீதரைத்தான் பாக்கணும். ஆனா செயின் வண்டியோட டிராவல் டிரைவ் சேத்துலயும் தண்ணியிலயும் ஓடறதால பெரும்பாலும் பிரீதரே வைக்க மாட்டாங்க. முழுசா மூடின பெட்டி அது.

தம்பி, காரணத்தை நீங்களே எழுதிட்டீங்க. கசியற பெட்டியில லெவல் ஏறியிருக்கு, ஆயில் மெலிஞ்சு தண்ணி மாதிரி ஆகியிருக்கு, பிளக்கைத் திறந்தா பிரஷர். வெளியிலிருந்து ஏதோ உள்ள போகுதுன்னு அர்த்தம். அந்தப் பெட்டிக்குள்ள ஆயில் வர முக்கியமான வழி ஹைட்ராலிக் மோட்டாரோட ஷாஃப்ட் சீல். அது கிழிஞ்சா ஹைட்ராலிக் ஆயில் கியர் பக்கம் இறங்கும். பெட்டி நிரம்பும், பிரஷர் ஏறும், கடைசியில ஃப்ளோட்டிங் சீல் வழியா வெளிய தள்ளும். ஃப்ளோட்டிங் சீல் மண்ணை வெளிய நிறுத்தவும் ஆயிலை உள்ள வைக்கவும் செஞ்சது, உள்ளேயிருந்து வர பிரஷரைத் தாங்க இல்ல. மறுபடி புது சீல் போட்டா அதுவும் போகும்.

சூட்டுக்கும் செதிலுக்கும் காரணமும் இதுவே. கியர் பெட்டிக்குக் கெட்டியான ஆயில் கேப்பாங்க, கெட்டித்தன்மையில 220 கிரேடு அல்லது அதுக்குச் சமமான ஈ.பி. (அதிக அழுத்தம் தாங்கற) கியர் ஆயில். ஹைட்ராலிக் ஆயில் பொதுவா 46 அல்லது 68. அது கலந்தா பல்லுக்கு நடுவுல நிக்க வேண்டிய படலம் மெலிஞ்சிடும். முதல்ல அடி வாங்கறது பிளானெட் கியருக்குள்ள இருக்கிற நீடில் ரோலர். அதோட, அளவுக்கு மேல ஆயில் நிரம்பினா கியர் அதைக் கடைஞ்சுக்கிட்டே இருக்கும், அதுவும் சூடா மாறும்.

காந்தத்தில மாவு மாதிரி சாம்பல் பசை மட்டும் இருந்தா பயமில்ல, அது சாதாரணத் தேய்மானம். விரல்ல வச்சு உரசும்போது முனை குத்தற செதில் இருந்தா பேரிங்லயோ பல்லுலயோ தோல் உரியுது. மஞ்சள் நிறத் தூள் காந்தத்தில ஒட்டாது. அதனால வடிச்ச ஆயிலை வெள்ளைத் துணியில ஊத்திப் பாருங்க. வெண்கலத் திரஸ்ட் வாஷர் போட்ட டிரைவா இருந்தா அது தேயறது அங்கதான் தெரியும்.

ஆக, பிரிக்கத்தான் வேணும். பிரிக்கறதுக்கு முன்னாடி சிலது.

வண்டியைச் சமதரையில நிறுத்தி, ரெண்டு செயினுக்கும் முன்னாலயும் பின்னாலயும் கட்டை கொடுங்க. நிறைய மாடல்ல பார்க்கிங் பிரேக் டிஸ்க் மோட்டாருக்குள்ளதான் இருக்கு. மோட்டாரைக் கழட்டின நிமிஷத்துல அந்தப் பக்கம் பிரேக்கே இல்லாமப் போயிடும். செயின் டென்ஷன் இறக்கும்போது கிரீஸ் வால்வை ஒரு சுத்துக்கு மேல தளர்த்தாதீங்க, முகத்தை நேரா வைக்காதீங்க. உள்ள இருக்கிற கிரீஸ் பிரஷர் வால்வையே தோட்டா மாதிரி பறக்க விடும்.

கவர், ரிங் கியர், ஹவுசிங் மூணுக்கும் குறுக்கா ஒரு கோடு பஞ்ச் அடிச்சு வச்சுக்கோங்க. பிரிக்கற வரிசையிலேயே தட்டுல வையுங்க. முதல் ஸ்டேஜ் (முதல் கியர் அடுக்கு) கேரியர், அதாவது பிளானெட்டுகளைத் தாங்கற கூடு, சன் கியர், ரெண்டாம் ஸ்டேஜ் கேரியர்னு வெளியிலிருந்து உள்ள போகும். சன் கியரைக் கையில எடுக்கும்போது அதுக்கு பேரிங்கே இல்லைன்னு தெரியும். அது வேணும்னே அப்படி விட்டது. பிளானெட்டுகளுக்கு நடுவுல தானா மையம் தேடி நின்னு, லோடைப் பங்கு பிரிச்சுக் கொடுக்கணும்.

பிளானெட் பின்னைக் கழட்டறதுலதான் நிறைய கேரியர் பாழாகுது. பிளானெட் பின்னை (பிளானெட் சுத்தற அச்சு) ஒரு ரோல் பின் (குறுக்கா அடிச்ச சின்னச் சுருள் பின்) பிடிச்சிருக்கும். முதல்ல ரோல் பின்னை உள்ள அடிச்சு பிளானெட் பின்னோட நடு ஓட்டைக்குள்ள முழுசா இறக்கணும், அப்புறம்தான் பிளானெட் பின்னை பிரஸ்ல தள்ளணும். ரோல் பின் பாதி கேரியர்லயும் பாதி பின்லயும் இருக்கும்போது தள்ளினா கேரியர் துளையைக் கீறிடும். அதிகமா இறக்கி மறுபக்கச் சுவர்ல மோத விட்டாலும் அதே கதி. பஞ்ச்ல ஆழத்தை அளந்து ஒரு டேப் சுத்தி அடையாளம் வச்சுக்கிட்டு அடிங்க.

பின்னைத் துடைச்சு நகத்தை ஓட்டிப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் படி தட்டினா அது லோடு பக்கம், பின் முடிஞ்சு போச்சு.

ஹோஸ்பைப் எழுதியது:

பல்சக்கரம் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். மோட்டார் ஷாஃப்ட் சீல் ஏன் போச்சுன்னு பாக்காம விட்டா இதே கதை திரும்பும். மோட்டாருக்குள்ள கசியற ஆயில் கேஸ் (மோட்டாரோட வெளிக்கூடு) டிரெயின் ஹோஸ் வழியா, சென்டர் ஸ்விவல் ஜாயின்ட்டை (வண்டி மேல்பக்கம் சுத்தினாலும் ஆயில் லைனை இணைச்சு வைக்கிற நடு இணைப்பு) தாண்டி டேங்குக்குப் போகணும். அந்த வழியில தடை இருந்தா கேஸ் பிரஷர் ஏறும். ஷாஃப்ட் சீல் கொஞ்சம் பிரஷர்தான் தாங்கும், உதடு பின்னாடி திரும்பிடும்.

டிரெயின் லைன்ல ஒரு T வடிவ இணைப்பு போட்டு சின்ன ரேஞ்ச் கேஜ் மாட்டுங்க, 0 முதல் 10 பார் போதும். 400 பார் கேஜ்ல இது அசையக்கூட செய்யாது. அந்தப் பக்கச் செயினைத் தரையிலேருந்து தூக்கி ஓட்டிப் பாருங்க. எவ்வளவு வரைக்கும் போகலாம்னு உங்க மோட்டார் மேனுவல்ல இருக்கும்.

அதிகமா இருந்தா மூணு சந்தேகம்: ஹோஸ், ஸ்விவல், மோட்டாரோட உள் தேய்மானம். ஹோஸ் வெளியில நல்லா இருந்தும் உள் ரப்பர் உரிஞ்சு வழியை அடைக்கும். அதனால கழட்டி, ஒரு முனையில வெளிச்சம் காட்டி மறுமுனையில கண்ணை வச்சுப் பாருங்க.

மண்வாரி எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. பிரிச்சுட்டோம்.

மோட்டார் ஷாஃப்ட் சீல் உதடு அப்படியே வெளிப்பக்கம் மடங்கியிருந்துச்சு. ஹோஸ்பைப் அண்ணன் சொன்ன மாதிரி டிரெயின் ஹோஸ்ல வெளிச்சம் காட்டினா பாதி வட்டம்தான் தெரிஞ்சுது. ஃப்ரேம் கிளாம்புக்குக் கீழ நசுங்கியிருக்கு, உள் ரப்பரும் உரிஞ்சு தொங்குது. புது ஹோஸ் மாட்டி, மோட்டாரைத் தனியா இணைச்சு கேஜ் பாத்தோம். மேனுவல் அளவுக்கு ரொம்பக் கீழேயே நிக்குது.

கியர் பக்கம் ரெண்டாம் ஸ்டேஜ்ல ஒரே ஒரு பிளானெட்தான் கெட்டிருக்கு. பின்னுல படி இருக்கு, ரோலர்ல புள்ளி புள்ளியா குழி. மத்த ரெண்டும் கண்ணுக்கு நல்லாத்தான் தெரியுது. ரிங் கியர் பல்லும் சன் பல்லும் சுத்தம். கெட்ட ஒண்ணை மட்டும் மாத்தினாப் போதாதா?

கிரீஸ்கை எழுதியது:

நல்லா இருக்கிறதை ஏன் தூக்கிப் போடணும்? ஒண்ணை மட்டும் மாத்துங்க, ஓடும்.

பல்சக்கரம் எழுதியது:

இந்த இடத்துல மட்டும் கிரீஸ்கை அண்ணனோட நான் ஒத்துப்போகல. அந்த ஒரு பேரிங்லேருந்து உரிஞ்ச செதில் எல்லாம் அதே ஆயில்ல சுத்தி மத்த ரெண்டு பேரிங் வழியாவும்தான் போயிருக்கு. கண்ணுக்குத் தெரியாத வடு அங்கேயும் விழுந்திருக்கும். பல் கணக்கும் இருக்கு. ரெண்டு தேஞ்ச பிளானெட்டோட ஒரு புதுசு சேந்தா புதுசோட பல் கொஞ்சம் தடிமன். சன் கியர் மையத்தை விட்டு ஒதுங்கி நின்னு சுத்தும், அதோட ஸ்ப்ளைன் (ஷாஃப்ட்டோட கோக்கற பல்வரிசை) தின்னப்படும். மூணு பிளானெட் இருக்கிற ஸ்டேஜ்ல சன் ஒதுங்கியாவது சமாளிக்கும். நாலு இருந்தா எல்லாத்துக்கும் சமமா பிரிக்க அதால முடியவே முடியாது. அந்த ஸ்டேஜுக்கு பிளானெட், பின், ரோலர், வாஷர் எல்லாம் ஒரே செட்டா மாத்துங்க. முதல் ஸ்டேஜ் பல் நல்லா இருந்தா கியரை வச்சுக்கிட்டு ரோலரை மட்டும் புதுசு போடுங்க.

ரோலரை ரெண்டு பாக்கெட்டுலேருந்து கலக்காதீங்க. மைக்ரான் கணக்குல தரம் பிரிச்சு அடைச்சு வர்றது அது. தடிச்ச ஒரு ரோலர் கலந்தா லோடு மொத்தமும் அது மேல. கூண்டு இல்லாத ரோலரா இருந்தா கியர் துளையில கிரீஸ் தடவி ஒவ்வொண்ணா ஒட்டி அடுக்குங்க. கடைசி ரோலர் நுழைஞ்சதும் கொஞ்சம் இடைவெளி தெரியும், அது இருக்க வேண்டியதுதான். ஆனா எண்ணிக்கையை மேனுவலோட சரிபாருங்க. ஒண்ணு விட்டுப்போனா மத்ததெல்லாம் சாய ஆரம்பிக்கும். கேரியர்ல ஏத்தினதும் ஒவ்வொரு பிளானெட்டையும் விரலால சுத்திப் பாருங்க, எங்கயும் பிடிக்கக் கூடாது. ரோல் பின் புதுசுதான் போடணும், அடிச்சதும் துளை வாயைப் பஞ்ச் வச்சு நசுக்கி அடைச்சிடுங்க.

ஹவுசிங் மெயின் பேரிங்கைப் புதுசா ஏத்தறதா இருந்தா இண்டக்‌ஷன் ஹீட்டர்லயோ ஆயில் குளியல்லயோ 110 டிகிரி வரைக்கும் சூடு காட்டினா போதும். கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம், எஃகோட பதம் போயிடும். பிரீலோடு (பேரிங்கை முன்கூட்டியே இறுக்கற அளவு) செட் பண்ணும்போது ஃப்ளோட்டிங் சீல் இல்லாம ஹவுசிங்கைச் சுத்தி, கயிறு கட்டி ஸ்பிரிங் தராசுல இழுத்து அளங்க. சீல் போட்டு அளந்தா சீலோட பிடிமானமும் கணக்குல சேந்துடும், பேரிங் தளர்வா இருக்கிறதே தெரியாது.

ஃப்ளோட்டிங் சீலும் புது ஜோடி வாங்கிடுங்க. ரெண்டு இரும்பு வளையமும் ஒண்ணுக்கொண்ணு தேய்ச்சு ஜோடி சேத்து வர்றது. ஒண்ணை மட்டும் மாத்தக் கூடாது, பழசோட கலக்கக் கூடாது. ரப்பர் வளையமும் அது உக்கார்ற சரிவும் எண்ணெய்ப் பசையே இல்லாம காஞ்சு இருக்கணும். அங்க ஆயில் பட்டா ரப்பர் பிடிக்காம வழுக்கும், இரும்பு வளையம் சுத்த ஆரம்பிச்சுடும். பளபளக்கிற முகத்துல மட்டும் விரல்ல தொட்டு ஒரு மெல்லிய படலம் ஆயில். ஸ்க்ரூடிரைவரால நெம்பித் திணிக்காதீங்க, வட்டமா சமமா அழுத்தற டூல் வச்சு ஒரே அமுக்கு. அப்புறம் நாலு இடத்துல ஹவுசிங் விளிம்புலேருந்து உயரத்தை அளங்க. வித்தியாசம் 1 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். மேல இருந்தா ரப்பர் முறுக்கிக்கிட்டிருக்கு, எடுத்துட்டு மறுபடி போடுங்க. போன தடவை சீல் போட்டவங்க இதை அளந்தாங்களான்னு நமக்குத் தெரியாது. பிரஷர் பிரச்சினை இருந்ததால அவங்க சரியா போட்டிருந்தாலும் நின்னிருக்காது.

மோட்டார் ஷாஃப்ட்ல சீல் உக்கார்ற இடத்துல நகத்தை ஓட்டுங்க. பள்ளம் தட்டினா புது சீலை அதே பள்ளத்துல உக்கார விடாதீங்க, ஸ்லீவ் (ஷாஃப்ட் மேல ஏத்தற மெல்லிய வளையம்) போடுங்க, இல்லன்னா ஷாஃப்ட்டை மாத்துங்க.

மூடினதும் ஆயில் ஊத்தறதுக்கு முன்னாடி லெவல் பிளக் துளை வழியா 0.3 பார் காத்து கொடுத்து, வால்வை மூடி, சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. ரெகுலேட்டர் இல்லாம கம்ப்ரஸர்லேருந்து நேரா கொடுக்காதீங்க. கேஜ் முள் இறங்காம நின்னாத்தான் ஆயில்.

மண்வாரி எழுதியது:

செட்டாவே மாத்திட்டோம் அண்ணே. சீல் உயரம் முதல் தடவை ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு இருந்துச்சு, எடுத்துட்டு ரப்பரைத் துடைச்சு மறுபடி போட்டதும் சமமா உக்காந்துச்சு. காத்து டெஸ்ட்ல முள் அசையல. செயினைத் தூக்கி ரெண்டு பக்கமும் ஓட்டினோம், சத்தம் இல்ல.

வலது பக்கம் கசியல. அதையும் இப்பவே பிரிக்கணுமா?

பல்சக்கரம் எழுதியது:

பிரிக்க வேண்டாம். வண்டி ஆறினதும் வலது பக்க லெவல் பிளக்கை மெதுவா தளர்த்துங்க. காத்து வரலன்னா, ஆயில் லெவல் துளையோட கீழ் விளிம்புல நின்னா, விரல்ல தொட்டு இழுத்தா நூல் மாதிரி வந்தா அந்தப் பக்கம் நல்லாத்தான் இருக்கு. அங்கயும் தண்ணியா இருந்தா சென்டர் ஸ்விவல் சீலைச் சந்தேகப்படணும். அது உள்ளுக்குள்ள கசிஞ்சா மெயின் பிரஷர் டிரெயின் லைனுக்கு வந்து ரெண்டு மோட்டாரையும் ஒண்ணா அடிக்கும். எப்படி இருந்தாலும் வலது பக்கக் கேஸ் பிரஷரையும் அதே கேஜ்ல ஒரு தடவை பாத்துடுங்க, ஹோஸ் கிளாம்பையும் தளர்த்தி அடியில பாருங்க.

இடது பக்கம் புது ரோலர் போட்டதால 250 மணி நேரத்துல ஆயிலை வடிச்சிடுங்க. அந்தக் காந்தத்துல பசை இருக்கும், அது சரி. செதில் இருந்தா எழுதுங்க.