புதுப்பிப்பு: லேப்டாப் மைக் பேச ஆரம்பித்துவிட்டது

விண்டோஸ் 11 லேப்டாப்பில், பிரௌசர் வழியாக மீட்டிங் சேர்ந்தால் நான் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை என்று முன்பு கேட்டிருந்தேனே, அது சரியாகிவிட்டது. டிரைவரை (மைக்கை இயக்கும் மென்பொருளை) நீக்கித் திரும்பப் போடச் சொன்னவர்களுக்கு நன்றி, அதில் பலனில்லை.

துப்பு கிடைத்தது விண்டோஸின் குரல் பதிவு ஆப்பான சவுண்ட் ரெக்கார்டரில். அதில் குரல் தெளிவாகப் பதிவானது. அப்படியென்றால் மைக், டிரைவர் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, அனுமதியில்தான் சிக்கல்.

செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டி, அதற்குள் மைக்ரோஃபோன். மேலே இருக்கும் ஸ்விட்சுகள் ஆனில்தான் இருந்தன. பலரும் அதோடு மூடிவிடுவார்கள். ஆப் பட்டியலைத் தாண்டி இன்னும் கீழே போனால், டெஸ்க்டாப் ஆப்களுக்கென்று தனி ஸ்விட்ச். அது ஆஃப்! சவுண்ட் ரெக்கார்டர் போன்ற மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆப்களுக்கு ஒவ்வொன்றாக அனுமதி தரலாம், ஆனால் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் வகையறாவுக்கெல்லாம் சேர்த்து இந்த ஒன்றுதான். இதை இவ்வளவு அடியில் வைத்த புண்ணியவான் யாரோ.

ஆன் செய்து, பிரௌசரை மூடித் திறந்தேன். வேலை முடிந்தது.

ரெக்கார்டரிலும் சத்தம் வராதவர்களுக்கு இந்த வழி உதவாது. முதலில் கீபோர்டில் மைக்கை மியூட் செய்யும் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள்.