உதவி: எலிசபெத் காலத்து ஆடையில் உள்ள இந்த மூன்று அலங்காரங்களின் பெயர் என்ன?

பவளமல்லி: முதலாம் எலிசபெத் காலத்து ஆங்கிலேயச் சீமாட்டி ஒருவரின் படத்துக்கு இன்றிரவுக்குள் குறிப்பு எழுதித் தர வேண்டியிருக்கிறது. தோளில் வரிசையாக ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. சட்டைக் கையில் பொன்னிறக் கூர்முனைகள் தொங்குகின்றன. கறுப்பு வேலைப்பாடும் இருக்கிறது. பெயர் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஊசிமுனை: எந்த ஓவியம், எந்த ஆண்டு? தோளில் இருப்பது நாக்கு நாக்காக வெட்டிய துணியா, பஞ்சடைத்த ஒரே உருளையா?

தறிக்காரன்: கறுப்பாகத் தெரிவது வெல்வெட் பட்டையாகத்தான் இருக்கும். ஓரங்களில் அப்படி வைத்துத் தைப்பதற்கு கார்ட் என்று பெயர்.

பழஞ்சுவடி: படத்தைக் காட்டாமல் பெயர் கேட்பது, நாடி பார்க்கக் கை நீட்டாமல் மருந்து கேட்பதைப் போன்றது. கூர்முனை மட்டும் ஐயத்துக்கு இடமில்லாத அக்லெட். சட்டைக் கையை மேலுடையின் உடற்பகுதியோடு சேர்த்துக் கட்டும் நாடா, துளைக்குள் எளிதாக நுழைவதற்காக அதன் நுனியில் மாட்டிய உலோகக் குழல், பிறகு வெறும் அலங்காரமாகவும் ஆனது. இன்றைய ஷூ லேஸின் நுனிக்கும் அதே பெயர்தான் என்பதைத் தாங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

பவளமல்லி: மன்னிக்கவும். 1575ஐ ஒட்டிய ஓவியத்தின் நகல் இது. ஓவியர் பெயர் இல்லை. தோளில் இருப்பவை தனித்தனிச் சதுரங்கள். கறுப்பு வேலை வெள்ளைத் துணியின் மேல் கொடியும் பூவுமாக ஓடுகிறது.

ஊசிமுனை: அப்படியானால் தோளில் இருப்பது பிக்கடில். இதை விற்றுப் பணம் சேர்த்த தையற்காரர் ராபர்ட் பேக்கர் 1612 வாக்கில் லண்டனில் கட்டிய வீட்டை ஊரார் பிக்கடில்லி ஹால் என்று கேலி செய்யப்போய், அந்தப் பெயர் தெருவுக்கே நிலைத்துவிட்டது. வெள்ளை லினனில் கறுப்புப் பட்டு நூல் என்றால் பிளாக்வொர்க். லிவர்பூல் வாக்கர் கலைக்கூடத்தில் உள்ள, எலிசபெத் அரசியின் பெலிக்கன் ஓவியத்தில் அவருடைய சட்டைக் கைகளைப் பாருங்கள். அந்த வேலை மார்பின் மேற்பகுதியை மூடும் தனித்துண்டில் இருந்தால், அத்துண்டின் பெயர் பார்ட்லெட்.

தறிக்காரன்: ஸ்பானிய வேலை என்பதே சரியான பெயர். 1501இல் ஸ்பானிய இளவரசி அரகானின் கேத்தரின் வந்த பிறகுதான் அது இங்கிலாந்துக்கே வந்தது.

பழஞ்சுவடி: பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரைப் படித்தவர் அப்படிச் சொல்லமாட்டார். கேத்தரின் வருவதற்கு நூறாண்டுக்கு முன்பே, அவர் எழுதிய மில்லரின் கதையில் வரும் தச்சன் மனைவியின் சட்டைக் கழுத்தில் கரிய பட்டு வேலை இருக்கிறது.

தறிக்காரன்: அப்படியானால் அக்காலத்தவரே ஏன் அதை ஸ்பானிய வேலை என்று எழுதிவைத்தார்கள்?

பழஞ்சுவடி: கேத்தரின் அரசி உடுத்தியதால் பெயர் வந்தது, வேலை அதற்கு முன்பே இருந்தது. முதலில் தங்கள் வெல்வெட் பட்டை என்னவாயிற்று என்று சொல்லுங்கள்.

ஊசிமுனை: பவளமல்லி, கூர்முனைகள் இரண்டிரண்டாக இருக்கின்றனவா? துணியில் வெட்டிய கீறல்களை அப்படிச் சேர்த்துப் பிடிப்பது வழக்கம். அந்தக் கீறலுக்கும் ஸ்லாஷிங் என்று தனிப்பெயர் உண்டு.

பவளமல்லி: ஆம், இரண்டிரண்டாகத்தான். கீறலை இப்போதுதான் கவனித்தேன், குறிப்பை அனுப்பிவிட்டேன். நன்றி.