சூடேற்றிப் பிழைக்கவைத்த கன்சோல்கள்: பழுது பார்க்கும் மேசையிலிருந்து

கேம் கன்சோல்களைப் பழுது பார்ப்பது என் தொழில். வீட்டிலேயே பிரித்துப் பார்த்து, பிறகு என்னிடம் கொண்டுவரப்பட்ட கருவிகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். மீட்கவே முடியாமல் போனவற்றுள் பெரும்பாலானவை முதலில் வந்த பழுதால் அந்த நிலைக்குப் போகவில்லை. அந்தப் பழுதுக்கு வீட்டில் செய்த வைத்தியம் சில நாள்கள் பலித்ததும், அந்த நம்பிக்கையில் அதையே திரும்பத் திரும்பச் செய்ததும்தான் அவற்றைக் கெடுத்தன.

இதற்கு எக்ஸ்பாக்ஸ் 360-ஐவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 2005-இல் வெளிவந்த அந்தக் கன்சோலின் முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்தால் அது செயலிழந்துவிட்டது என்று பொருள். இந்தப் பழுது உலகம் முழுவதும் பரவலாக இருந்ததால் 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இதற்கு மட்டும் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்து, நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. உத்தரவாதக் காலம் முடிந்தவர்களிடையே ஒரு கைவைத்தியம் பரவியது. காற்றுத் துளைகள் அடைபடும்படி கன்சோலைத் துண்டால் இறுகச் சுற்றி, கால் மணி நேரம் ஓடவிட்டு, ஆறிய பிறகு மீண்டும் இயக்க வேண்டும். உள்ளே பாகங்களை மின்சுற்றுப் பலகையோடு (போர்டு) இணைத்து, பிறகு விட்டுப்போன ஈயப் பற்றுகள் அந்தச் சூட்டில் உருகி மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்பது விளக்கம்.

அந்த விளக்கம் தவறு. அந்தப் போர்டில் இருப்பது ஈயம் கலக்காத பற்று. அது உருக 217 டிகிரி செல்சியஸுக்குமேல் சூடு வேண்டும். துண்டுக்குள் மூச்சு முட்டும் கன்சோல் அந்தச் சூட்டை எட்டுவதற்கு வெகு முன்பே அதன் மற்ற பாகங்கள் கெட்டுவிடும். அதோடு, பழுது பெரும்பாலும் போர்டுக்கும் சிப்புக்கும் நடுவில் இருக்கவில்லை. சூடாவதும் ஆறுவதுமாக இருந்ததால் சிப்பின் பொதிக்கு, அதாவது அதை மூடியிருக்கும் உறைக்கு, உள்ளேயே நுண்ணிய இணைப்புகள் முறிந்தன என்பதை, 2021-இல் வெளியிட்ட ஆவணத் தொடரில் அந்த நிறுவனத்தாரே சொன்னார்கள். சூட்டில் எல்லாம் சற்று விரிவதால் முறிந்த முனைகள் ஒன்றையொன்று தொடும், கன்சோலும் ஓடும். ஆறியபின் அவை மெல்ல விலகும்.

ஒரு கல்லூரி மாணவர் தன் 360-ஐக் கொண்டுவந்து, "அண்ணா, துண்டு சுத்தினா ஒவ்வொரு தடவையும் சரியாயிடும், இந்தத் தடவைதான் வரலை" என்றார். மேல்மூடியைக் கழற்றியபோது டிவிடி டிரைவின் பிளாஸ்டிக் தட்டு வளைந்திருந்தது; சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்க்குக்கு அருகிலிருந்த கெபாசிட்டர்களின் (மின்சாரத்தைச் சேமித்துத் தரும் சிறு பாகங்கள்) தலைகள் உப்பியிருந்தன. ஹீட் சிங்க்கை அழுத்திப் பிடிக்கும் எக்ஸ் வடிவக் கவ்வியை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஹார்டுவேர் கடை போல்ட்டுகளையும் வாஷர்களையும் போட்டு முறுக்கியிருந்தார்கள். அதுவும் அந்த நாள்களில் பரவலாகச் சொல்லப்பட்ட வைத்தியம்தான். ஒரு வாஷரை நீக்கிவிட்டு உருப்பெருக்கியில் பார்த்தேன். போர்டின் பச்சைப் பூச்சு அரைவட்டமாகச் சுரண்டப்பட்டு, அடியில் செம்புத் தடங்கள் பளபளத்தன. அவற்றுள் இரண்டு அறுந்து போயிருந்தன. அளவுக்கு மீறி முறுக்கியதில் போர்டே வளைந்திருந்தது. ஒரே ஒரு பழுதோடு தொடங்கிய அந்தக் கருவி என்னிடம் வந்தபோது அதில் எதை முதலில் சரிசெய்வது என்றே சொல்ல முடியாத நிலை.

மஞ்சள் விளக்கு காட்டிச் செயலிழக்கும் பிளேஸ்டேஷன் 3-இன் கதையும் இதே வழியில்தான் போகிறது. அங்கே துண்டின் இடத்தைச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் பிடித்துக்கொண்டது. சுவரிலிருந்து பெயின்டை உரிக்கப் பயன்படும் அந்தக் கருவியில் சூட்டைத் துல்லியமாக அளந்து கொடுப்பது கடினம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய ஹீட் கன்னால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வறுத்திருந்த ஒரு போர்டு நினைவிலிருக்கிறது. சிப்பைச் சுற்றி அது பழுப்பேறியிருந்தது. பற்று இளகிய வேளையில் காற்று தள்ளியதால் கடுகளவு பாகங்கள் சில இடம்பெயர்ந்து கிடந்தன. சிப்பின் பொதி ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் என்பதும், திடீர்ச் சூட்டில் அது ஆவியாகிப் பொதியை உள்ளிருந்தே பிளக்கும் என்பதும் அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்திகள்.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. பழைய பிளேஸ்டேஷன் 3 போர்டுகள் சிலவற்றில் கெட்டுப்போவது சிப்புக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் தட்டையான கெபாசிட்டர்கள்தான். அவற்றை எடுத்துவிட்டு டான்டலம் என்ற உலோகத்தால் ஆன கெபாசிட்டர்களைப் பற்றவைத்தால் அந்தக் கன்சோல்கள் மீண்டும் ஓடும். சூடு பட்டால் அந்தத் தட்டைக் கெபாசிட்டர்களும் சற்று நேரம் தேறிக்கொள்ளும். ஆகவே சிப்பைச் சூடேற்றியவர், தான் சிப்பைத்தான் குணப்படுத்தினோம் என்று முடிவுகட்டி, அடுத்த முறை இன்னும் அதிகச் சூட்டோடு அதே இடத்துக்குப் போகிறார். பழுதில்லாத சிப் இப்படித்தான் பாழாகிறது.

நிண்டெண்டோ ஸ்விட்ச்சில் ஆபத்து சூட்டால் வருவதில்லை, அவசரத்தால் வருகிறது. அதன் கைக்கட்டுப்பாட்டுக் கருவியான ஜாய்-கானின் ஸ்டிக்கைத் தொடாமலே திரையிலுள்ள பொம்மை தானாக நகரத் தொடங்கினால் ஸ்டிக்கை மாற்றினால் போதும். மும்முனைத் திருப்புளியும் பொறுமையும் உள்ள எவரும் வீட்டில் செய்யக்கூடிய வேலை அது. ஆனால் ஸ்டிக்கின் ரிப்பன் கேபிளைப் பிடித்திருக்கும் கனெக்டரில் அரை அரிசி அளவுக்கு ஒரு தாழ் உண்டு. அதை நகத்தால் மேலே தூக்கிய பிறகே கேபிளை உருவ வேண்டும். மகளுக்காக இந்த வேலையில் இறங்கிய ஒரு தந்தை தாழைக் கவனிக்காமல் கேபிளை இழுத்துவிட்டார், தாழ் உடைந்தது. அதுவரைகூட அது சிறிய பழுதுதான். கேபிள் நிற்கவில்லை என்று அவர் சூப்பர் க்ளூ விட்டார். அது கனெக்டரின் முனைகளுக்குள் ஊறி இறுகிவிட்டதால் கேபிளையும் கனெக்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டியதாயிற்று.

2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையில் சூட்டைக் கடத்தும் வழக்கமான பேஸ்ட் இல்லை, திரவ உலோகம் இருக்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தும். இது தெரியாமல் தூசு தட்டுவதற்காக ஹீட் சிங்க்கைத் தூக்குபவர்கள் அதைத் துணியால் துடைக்கிறார்கள். துணியில் ஒட்டாத துளிகள் ஓடிப்போய் அருகிலுள்ள பாகங்களின் கால்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்கின்றன. சுவிட்சைப் போட்டதும் ஷார்ட் ஆகிறது. அதே திரவ உலோகத்தைத் தனியாக வாங்கி, அலுமினிய ஹீட் சிங்க் உள்ள பழைய கன்சோலில் தடவியவர்களையும் பார்த்திருக்கிறேன். அதிலுள்ள கேலியம் என்ற உலோகம் அலுமினியத்துக்குள் ஊடுருவி அதைப் பொடியச் செய்துவிடும்.

வீட்டில் யாரும் எதையும் திறக்கக் கூடாது என்பது என் கருத்து அல்ல. 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் கடிகாரத்துக்கென்று ஒரு கெபாசிட்டர் உண்டு. அது கசிந்தால் போர்டின் தடங்களை அரித்துவிடும். கசிவதற்கு முன்பே அதை வெட்டி எடுத்து, அந்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்து வைத்திருந்த ஒருவரின் கருவி இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. 1.6 வகைப் போர்டில் மட்டும் அந்தக் கெபாசிட்டர் இல்லாமல் கன்சோல் இயங்காது என்பதைத் தெரிந்துகொண்டு, தன் போர்டு எந்த வகை என்று பார்த்த பிறகே அவர் கைவைத்தார். அவரிடம் இருந்த கருவிகள் மிகச் சாதாரணமானவை.

கடைசியாக இன்னொரு 360. டிவிடி டிரைவ் வட்டைப் படிக்கவில்லை என்பதால் அதன் உரிமையாளர் வேறொரு கன்சோலின் டிரைவைப் பொருத்தியிருந்தார். திரைப்பட வட்டுகள் ஓடின, விளையாட்டு வட்டுகள் ஓடவில்லை. ஒவ்வொரு டிரைவும் அதன் மதர்போர்டோடு ஒரு மறைகுறியீட்டுச் சாவியால் பிணைக்கப்பட்டிருக்கிறது. பழைய டிரைவின் சிறு போர்டு கையில் இருந்தால், அதைப் புதிய டிரைவுக்கு மாற்றியே பெரும்பாலும் வேலையை முடித்துவிடலாம். அவர் பழையதைக் குப்பையில் போட்டிருந்தார். அதனால் என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கழற்றிய பாகம் எவ்வளவு கெட்டிருந்தாலும் ஒரு கவரில் போட்டு கன்சோலோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள், இதுவரை என்னென்ன செய்தீர்கள், எங்கே எவ்வளவு நேரம் சூடேற்றினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள்.