ஜெரேபு நாட்கள்: மனதை விட்டுப் போகாத ஒன்றை மட்டும் சொல்லுங்கள்

செந்தூல் மாடிவீடு

ஜெரேபு, அதாவது காடும் நிலமும் எரிந்து மலேசியாவை வந்து மூடுகிற புகைமூட்டம், எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் இங்கே யாருக்கும் புதிதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2019 செப்டம்பர் 21. புரட்டாசி முதல் சனி, அதனால்தான் தேதி நினைவிருக்கிறது. தளிகை போட்டுச் சாப்பிட்டு முடித்து, சன்னல் எல்லாம் அடைத்த வீட்டுக்குள் வெந்துபோய், கொஞ்சம் காற்றுக்காகக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். வெளியே அதைவிட மோசம். எதிர் பிளாக் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி நின்றது. எங்கள் மாடியைத் துடைக்க வரும் இந்தோனேசியப் பெண் மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். எனக்குத் தொண்டை எரிச்சல், அதை யார் மேலாவது காட்ட வேண்டும். “உங்க ஊர்க்காரங்க கொளுத்துறாங்க, நாங்க இங்க மூச்சு முட்டிச் சாகுறோம்” என்று மலாயில் சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

அவர் பதில் பேசவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து நீட்டினார். ஒரு வீடியோ. மண் ரோடு, பலகை வீடு, துணி காயும் கொடி. எல்லாமே சிவப்பு. அந்திச் சிவப்பு இல்லை. பழைய ஸ்டூடியோக்களில் போட்டோ கழுவுகிற அறையில் ஒரு விளக்கு எரியுமே, அந்தச் சிவப்பு. சாயங்காலமா என்று கேட்டேன். “தெங்ஙா ஹாரி, காக்” என்றார். நடுப்பகல். அவருடைய ஊர் சுமத்ராவில் ஜாம்பி, எடுத்து அனுப்பியது தங்கையாம். வீடியோவில் ஆள் யாரும் தெரியவில்லை, ஒரு குழந்தை இருமுவது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் “ஓ” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பாகான்வாசி

அக்கா, அன்றைக்கு ஜாம்பி சிவந்தது உலகம் முழுக்கப் படமாகப் போனது. தீயின் வெளிச்சம் இல்லை அது. புகைத்தூள் ஒரு குறிப்பிட்ட நுண்ணிய அளவில் அடர்ந்து நின்றால் வெயிலில் சிவப்பு மட்டும் தப்பி நம் கண்ணுக்கு வருமாம். மீ சிதறல் என்று பெயர்.

என்னுடையது 2015 அக்டோபர். அப்போது இரட்டை மாடி பெர்ரி ஓடிக்கொண்டிருந்தது, காடியெல்லாம் (கார்) ஏற்றுவார்கள். பாகான் கரையிலிருந்து பினாங்குத் தீவுக்குப் போக டிக்கெட் 1 வெள்ளி (ரிங்கிட்) 20 சென், திரும்பி வரக் கட்டணம் இல்லை. தினமும் போகிற தண்ணீர், கண்ணை மூடிக்கொண்டே கொம்தார் கட்டடம் எந்தப் பக்கம் என்று சொல்லுவேன். அன்றைக்குப் பாதி வழியில் பாகானும் இல்லை, தீவும் இல்லை. பெர்ரி ஹாரன் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து எதிர் பெர்ரியின் ஹாரன் கேட்டது, எந்தத் திசை என்று தெரியவில்லை. மேல்மாடியில் எல்லாரும் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றோம். திடீரென்று பக்கத்தில், மிகப் பக்கத்தில், மஞ்சள் பெயிண்ட் அடித்த சுவர் மாதிரி அது கடந்து போனது. அந்தப் பெர்ரியிலும் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஒருவரும் கை காட்டவில்லை.

அரை மாரத்தான்

2015 அக்டோபர் 4, கேஎல் (கோலாலம்பூர்) மாரத்தான். எட்டு மாதம் பயிற்சி. முந்தின நாள் ரத்து என்று செய்தி. டிசட்டையும் நெஞ்சில் குத்தும் எண்ணும் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். அந்த டிசட்டையை இன்றுவரை நான் போட்டதில்லை. ஓடாமல் எப்படிப் போடுவது? வீட்டுக்காரி காடி துடைக்கக் கேட்கிறாள். தர மாட்டேன்.

பழைய டாக்சி

தம்பிகளா, 1997-ஐப் பார்க்காதவர்கள் இதையெல்லாம் புகை என்று சொல்லாதீர்கள். கூச்சிங்கில் காற்று மாசு எண் 839. சரவாக்கில் அவசரகாலமே போட்டார்கள். உங்கள் 2019 அதற்குக் கிட்டே வந்ததா?

அந்தச் செப்டம்பரில் சுபாங் விமான நிலையத்தில் சவாரிக்கு நின்றேன். செப்பாங் விமான நிலையம் அப்போது திறக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மகளைப் பார்க்க முதல் தடவையாக வந்தவர், வெளியே வந்ததும் “என்ன தம்பி, இங்க எப்பவும் மார்கழிதானா?” என்றார். பனி என்று நினைத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் வியர்த்து ஊற்றியது, அப்புறம்தான் மூக்கைச் சுளித்தார்.

அவர் ஊருக்குத் திரும்புமுன் அப்போது உலகத்திலேயே உயரமாக இருந்த பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்றாராம். மகள் எனக்குத்தான் போன் போட்டார். ஜாலான் அம்பாங்கில் கொண்டுபோய் இறக்கினேன். நாற்பது மாடிக்கு மேல் ஒன்றும் இல்லை, வெள்ளையடித்து அழித்த மாதிரி. 452 மீட்டரில் பாதிகூடத் தெரியவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். “மேல என்ன இருக்கு?” என்று கேட்டார். நான் கையால் கூர் மாதிரி செய்து காட்டினேன், இரண்டு கோபுரம் என்பதற்கு இரண்டு கையையும் தூக்கி. ரோட்டில் போகிறவன் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்திருப்பான். மறுநாளும் போனோம். மறுநாளும் அப்படியே. இரண்டு நாளும் மீட்டர் காசை வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது.

வெண்பலகை

பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி, 2019 செப்டம்பர். எண் ஏறியதால் மறுநாள் பள்ளி இல்லை என்று சபைகூடலில் அறிவித்தோம். சபைகூடல் என்ன, வகுப்புக்குள்ளேயே ஒலிபெருக்கியில்தான், திடலுக்கு யாரும் போய் ஒரு வாரமாகியிருந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டதில் கூரை பறந்திருக்கும். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் என் மேசைக்கு வந்தான். பெரியவர்களுடைய முகக்கவசம், கயிற்றை முடிச்சுப் போட்டு அளவாக்கியிருந்தார்கள். அதைத் தாடைக்கு இறக்கிவிட்டு மெதுவாகக் கேட்டான்: “டீச்சர், நாளைக்கு ஆர்.எம்.டி. மட்டும் இருக்குமா?”

தெரியாதவர்களுக்கு: வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுக்கும் இலவச உணவு அது. அவனைப் பொறுத்தவரை பள்ளி மூடினால் காலைச் சாப்பாடு மூடுகிறது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கேண்டீன் அக்காவிடம் சொல்லி அன்றைய மீஹூன் நூடுல்ஸில் இரண்டு பங்கு பொட்டலமாகத் தப்பாவ் பண்ணிக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு ஆகும். விடுமுறை ஒரு நாளோடு நிற்கவில்லை.

பழைய டாக்சி

டீச்சர், தப்பாக நினைக்க வேண்டாம். இதற்குத்தான் சொல்கிறேன், எடுத்ததற்கெல்லாம் பள்ளியை மூடுவது இந்தக் காலத்துப் பழக்கம். 97-ல் என் மகள் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு போனாள், ஒன்றும் ஆகவில்லை.

நர்ஸம்மா

அண்ணே, கைக்குட்டை கட்டியதால் ஒன்றும் ஆகாமல் இருக்கவில்லை. கைக்குட்டை தூசியைத் தடுக்கும், இந்தப் புகையைத் தடுக்காது. இதில் இருப்பது 2.5 மைக்ரானுக்கும் சிறிய தூள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அப்புறம் அந்த 839. நம் நாட்டில் 2018 ஆகஸ்டில்தான் இந்த நுண்தூளைக் கணக்கில் சேர்த்தார்கள், அதற்கு முன் 10 மைக்ரான் தூளை வைத்துப் போட்ட எண். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து என் காலம் உன் காலம் என்று சண்டை போட முடியாது.

என் அனுபவம் சிறியது. ஜாலான் ஈப்போ பக்கத்துக் கிளினிக், 2015. மூச்சுத்திணறலுக்கு மருந்தை ஆவியாகக் கொடுக்கும் நெபுலைசர் மூன்றுதான், வெளியே பதினொரு பேர். யாருக்கு முதலில் என்று நான் விரலால் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தாத்தா தன் முறை வந்ததும் பின்னால் இருந்த சிறுமியை முன்னே தள்ளிவிட்டு “எனக்குப் பழகிப்போச்சு” என்றார். அவருடைய உதடு நீலம். நான் அதைக் கவனித்தது சிறுமிக்கு மாட்டிய பிறகுதான்.

இருக்கட்டும். இதைப் படிப்பவர்களுக்குச் சில விஷயம், கேட்காமலே சொல்கிறேன். எண் 100 வரை மிதம், 101-லிருந்து ஆரோக்கியக் கேடு, 201-லிருந்து மிகவும் கேடு, 300-க்கு மேல் ஆபத்து. ஆனால் அந்த எண் 24 மணி நேரச் சராசரி. புகை மதியம் திடீரென்று இறங்கினால் எண் மெதுவாகத்தான் ஏறும், விலகினாலும் மெதுவாகத்தான் இறங்கும். அதனால் போனைப் பார்க்குமுன் சன்னலைப் பாருங்கள். தினமும் தெரிகிற ஒரு கோபுரமோ குன்றோ தெரியவில்லையா, பிள்ளையை விளையாட விடாதீர்கள். என்95 முகக்கவசம் போடுகிறவர்கள் மூக்குக் கம்பியை அழுத்துங்கள், தாடி இருந்தால் ஓரத்தில் ஒட்டாது. காடியில் ஏர்கண்டை உள்காற்றுக்கு மாற்றுங்கள். சன்னலில் ஈரத்துணி தொங்கவிடுவதால் நுண்தூள் நிற்காது, மனதுக்கு ஆறுதல், அவ்வளவுதான். ஆஸ்மாக்காரர்கள் இன்ஹேலர் பம்பில் எத்தனை அழுத்து மிச்சம் என்று ஜூனிலேயே பாருங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று, சுமத்ராவில் பற்றினால் நேராக நமக்குத்தான்.

இன்னொன்று, திட்டாதீர்கள். வீட்டை முழுக்க அடைத்துவிட்டு உள்ளே சாம்பிராணி போடாதீர்கள். கொசுவத்தியும் வேண்டாம். வெளிப்புகைக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டு உள்ளே நாமே ஒரு ஜெரேபு போடுகிறோம். இந்த வெள்ளிக்கிழமைக் கேஸ் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அரை மாரத்தான்

சாம்பிராணியைச் சொன்னால் எங்கள் வீட்டில் சோறு கிடைக்காது அம்மா.

பம்பு அண்ணன்

எல்லாரும் சுமத்ரா சுமத்ரா என்கிறீர்கள். பெரும்பங்கு அங்கிருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் கேஎல்-லிலிருந்து ஒரு மணி நேரத்தில் கிள்ளான் ஜோஹான் செத்தியாவுக்குப் போய்ப் பாருங்கள். அதுவும் கம்புட் மண்தான், சுமத்ராவில் எரிகிற மாதிரியான சதுப்புக் கரிமண், அதுவும் எரியும்.

2005-ல் பூச்சோங்கில் ஒரு கடையில் வேலை, தண்ணீர்ப் பம்பு வாடகைக்கு விடுகிற கடை. அந்த ஆகஸ்ட் 11-ல் எண் 500-ஐத் தாண்டி, கிள்ளான் துறைமுகத்துக்கும் கோலசிலாங்கூருக்கும் அவசரநிலை போட்டார்கள். அதற்கு முன் சில வருடங்கள் எண்ணை வெளியே சொல்லாமலே வைத்திருந்தார்கள், சுற்றுப்பயணி வரமாட்டான் என்று. டாக்சி அண்ணனுக்கு அது ஞாபகம் இருக்கும்.

கோல லங்காட் பக்கம் ஒரு நிலத்துக்குப் பம்பு இறக்கப் போனேன். நெருப்பே இல்லை. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள், அங்கே சுற்றிலும் புகை, ஒரு பொறியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. மண்ணில் இங்கொன்றும் அங்கொன்றுமாக, சோற்றுப் பானை மூடி இடுக்கிலிருந்து ஆவி வருகிற மாதிரி வருகிறது. எனக்கு உள்ளங்கால் சுட்டது. பூட்ஸ் போட்டிருக்கிறேன், சுடுகிறது. கூட வந்த மலாய்க்காரப் பெரியவர் தன் கையில் இருந்த கம்பை முழங்கை ஆழத்துக்குத் தரையில் குத்தினார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. இழுத்தபோது நுனி கரி, முனையில் ஒரு சிவப்புப் புள்ளி. அதை என் முகத்துக்கு நேராக நீட்டி ஊதினார். புள்ளி பெரிதானது. நாங்கள் நின்றுகொண்டிருந்தது அடுப்பின் மேல்.

ஆயிரக்கணக்கான வருடங்களாக இலையும் மரமும் தண்ணீருக்குள் மக்காமல் கிடந்து சேர்ந்ததுதான் அந்த மண். செம்பனைக்கும் காய்கறிக்கும் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் காய்ந்த விறகு. மேலே மழை பெய்தாலும் அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். ஹெலிகாப்டரில் கொட்டுகிற தண்ணீர் டிவிக்கு நன்றாக இருக்கும். அணைவது வாய்க்காலை அடைத்து நிலத்தடி நீரை மேலே ஏற்றினால்தான். அன்றைக்கு என் பம்பு நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் இன்னொரு மூலையில் புகைந்தது.

ஆசியான் புகைமூட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதே நம்ம கேஎல்-லில்தான், 2002-ல். இந்தோனேசியா அதை ஏற்க 2014 ஆனது. ஆனால் ஏற்ற மறுவருடம்தானே தம்பியுடைய மாரத்தான் போனது?

பழைய டாக்சி

எண்ணை மறைத்தது ஞாபகம் இருக்கிறது. நாங்கள் கேஎல் கோபுரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவோம். தலை தெரிந்தால் நல்ல நாள், இடுப்பு வரை தெரிந்தால் சுமார், கால் மட்டும் என்றால் சவாரி கிடையாது. நர்ஸம்மா சொன்னது சரி, அந்த எண் சண்டையை விட்டுவிடுகிறேன். டீச்சர், அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறான்?

வெண்பலகை

நான் மறுவருடமே தீவுப் பக்கம் மாற்றலாகிவிட்டேன் ஐயா. தெரியவில்லை.

செந்தூல் மாடிவீடு

பம்பு அண்ணன், இது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பேனா என்று யோசிக்கிறேன். சொல்லியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. தொண்டை எரிந்தது.

விட்டுப்போன ஒன்று. அன்று சாயங்காலம் மிச்சமிருந்த புளியோதரையும் வடையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுக்கலாம் என்று இறங்கிப் போனேன், அவர் வேலை முடிந்து கிளம்பிவிட்டார். ஞாயிறு அவருக்கு லீவு. திங்கள் காலை கதவைத் திறந்தால், எங்கள் இரும்புக் கதவின் கம்பிகளைக்கூடத் துடைத்து வைத்திருந்தார். ஒரு வாரச் சாம்பல் படிந்த கம்பிகள். அது அவருடைய வேலையில் சேர்த்தி இல்லை. படிக்கட்டு முனையில் முதுகைக் காட்டிக்கொண்டு வாளியில் துணியை அலசிக்கொண்டிருந்தார். தண்ணீர் கறுப்பாக இருந்தது. தங்கை குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன், லிஃப்ட் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.